ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழுக்குள் ஒரு நோட்டீஸ் வைத்து வந்தது. கோடை விடுமுறையில் சிறுவர்களுக்குக் கால்பந்து செலக்ஷன், 10 வயது முதல் 15 வயது வரை, தேர்வானால் வெளிமாநிலப் போட்டிகளில் ஆடலாம் என்று போட்டிருந்தது. எங்கள் தெருவில் மூன்று வீட்டில் அதை மடித்துப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு அம்மாமார் என்னிடம் வந்து, "உங்க மகன் போனானே, எப்படி இருந்தது, நம்பிச் சேர்க்கலாமா?" என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதை மற்ற ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் வள்ளவிளை. இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர் ஆழ்கடலில் தூண்டில் தொழில். கொச்சி தோப்பும்படியில் படகேறினால் கரை திரும்ப முப்பது நாளும் ஆகும், நாற்பது நாளும் ஆகும். அதனால் பிள்ளைகள் காரியத்தில் பெரும்பாலும் நான் தனியாகத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எங்கள் கரையில் பாதி வீடு இப்படித்தான்.

நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர் வரிசையாக இருக்கிற கரை எங்களுடையது. இங்கே பிள்ளை நடக்கத் தொடங்கியதும் காலில் பந்து வந்துவிடும். இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்ற கிளப்புகளுக்கு ஆடி 2019-ல் இந்திய அணியின் சட்டையைப் போட்டார். நீரோடிக்கு அந்தப் பக்கம் கேரள எல்லை தாண்டினால் பொழியூர். அங்கே மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராஃபியில் ஆடியவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். இப்படி ஒரு கரையில் இருந்துகொண்டு, மகனுக்குப் பந்து நன்றாக வருகிறது என்று நாலு பேர் சொன்னால் எந்தத் தாய்க்கும் ஆசை வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது.

என் இளைய மகன் 2013 நவம்பரில் பிறந்தவன். இடது கால்காரன், ஆள் சிறியவன். ஆறு வயதிலிருந்து ஊர் கிளப்பில் ஆடினான். அங்கே கட்டணம் கிடையாது. பழைய மாநில ஆட்டக்காரர் ஒருவர் காலையில் மீன் ஏலத்துக்குப் போய்விட்டு சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். சென்ற ஆண்டு மே மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு அகாடமியின் செலக்ஷன் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஊர்க்காரர்கள் எல்லாரும் சொல்கிறார்களே என்று கூட்டிக்கொண்டு போனேன். அகாடமியின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. யார் பெயரையும் கெடுப்பதற்காக இதை எழுதவில்லை.

விடியற்காலையில் களியக்காவிளையில் போய் பஸ் பிடித்தோம். மைதானத்துக்கு வெளியே ஏழு மணிக்கே வரிசை. நுழைவுக் கட்டணம் 500 ரூபாய். ஒரு பையன் மார்க்கர் பேனாவால் மகனின் முன்னங்கையில் 214 என்று எழுதினான். முந்நூறு பிள்ளைகளாவது இருந்திருப்பார்கள். என் மகனின் முறை வந்தபோது பதினொன்றரை மணி. பெரியவர்கள் ஆடுகிற முழு மைதானத்தில், பக்கத்துக்குப் பதினொரு பேராக, பத்து நிமிட ஆட்டம். ஒருவரையொருவர் முன்னே பின்னே தெரியாத 22 பிள்ளைகள். எல்லாருக்கும் தன்னைக் காட்ட வேண்டும் என்ற அவசரம், யாரும் யாருக்கும் பந்து கொடுக்கவில்லை. நான் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். பத்து நிமிடத்தில் என் மகனுக்குப் பந்து கிடைத்தது மூன்று முறை. அதில் ஒன்று கையால் எறிகிற த்ரோ-இன்.

அங்கே பெரிய கோல்போஸ்ட், அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அதன் நடுவில் ஒரு பதினோரு வயதுப் பையனை நிறுத்தியிருந்தார்கள். தலைக்கு மேலே போன பந்துகளை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். நான்கு கோல் வாங்கிவிட்டு அழுதுகொண்டே வெளியே வந்தான். அவன் அப்பா அவனிடம் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அதை இப்போதும் என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. பெயர் இல்லை, நம்பர் மட்டும். 214 'பி' டீமில் இருந்தது. வீட்டில் ஒரே சந்தோஷம். கடலிலிருந்து சேட்டிலைட் போனில் பேசிய வீட்டுக்காரருக்கு முதலில் சொன்ன செய்தியே அதுதான்.

அப்புறம் பணம் கட்டச் சொன்னார்கள். மாதம் 2500. இரண்டு செட் உடுப்பும் பையும் 3800. இது தவிர ஒவ்வொரு வெளியூர் போட்டிக்கும் தனியாகப் பயணச் செலவு. இந்தக் கணக்கு எதுவும் செலக்ஷன் நாளில் சொல்லப்படவில்லை. சரி, பிள்ளையின் எதிர்காலம் என்று கட்டினோம். வாரத்துக்கு மூன்று நாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஓட்டமாக ஓடி, பஸ் மாறி, ராத்திரி பத்தரைக்கு வீடு. பாதி நாள் பஸ்ஸில் என் மடியில் தூங்கிக்கொண்டே வருவான். வீட்டுப்பாடம் பஸ்ஸிலேயே.

ஏழு மாதத்தில் மூன்று வெளியூர்ப் போட்டிக்குக் கூட்டிப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் வேனில் 18 பிள்ளைகள். மூன்று போட்டியிலும் சேர்த்து என் மகன் களத்தில் இருந்தது 22 நிமிடம். நான் கூடப் போன போட்டிகளில் போனில் நேரம் பார்த்துக் குறித்தேன், போகாத போட்டிக்கு அவனே சொன்னான். பிள்ளைகள் இந்தக் கணக்கில் பொய் சொல்வதில்லை. நம் ஊர் மணலில் தினமும் ஒரு மணி நேரம் ஆடிக்கொண்டிருந்தவன் அவன். மூன்றாவது போட்டி முடிந்து வந்த அன்று, "அம்மா, நான் நாளைக்கு நம்ம கிரவுண்டுக்குப் போகட்டா?" என்று கேட்டான். அகாடமியை விடுகிறேன் என்றெல்லாம் சொல்லவில்லை. அவ்வளவுதான் கேட்டான்.

என் தம்பி உடற்கல்வி ஆசிரியர். நடந்ததை எல்லாம் அவனிடம் சொன்னபோது, "அக்கா, இதை நீ முதலிலேயே என்கிட்ட கேட்டிருக்கலாமே" என்று வருத்தப்பட்டான். அவன் சொன்ன சில விஷயங்கள் எனக்குப் புதிது.

முதலாவது, வயது. சிறுவர் போட்டிகளில் வயதை ஜனவரி 1-ஐ வைத்துக் கணக்கிடுகிறார்கள். 2013 ஜனவரியில் பிறந்தவனும் நவம்பரில் பிறந்த என் மகனும் ஒரே பிரிவு. பதினோரு வயதில் பத்து மாதம் என்பது சின்ன வித்தியாசம் இல்லை. உயரத்திலும் ஓட்டத்திலும் நேராகவே தெரியும். கனடாவில் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களின் பிறந்த மாதங்களைப் பார்த்து, ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்று 1980-களிலேயே எழுதியிருக்கிறார்களாம். பெரிய உடம்புக்காரனைத் திறமைசாலி என்று எடுத்து, அவனுக்கே நல்ல பயிற்சியும் ஆட்ட நேரமும் கொடுத்தால், மூன்று வருடத்தில் அவன் உண்மையிலேயே திறமைசாலி ஆகிவிடுவான். சின்னவன் அதற்குள் பந்தை விட்டுவிட்டுப் போயிருப்பான். செலக்ஷன் நடத்துபவர்கள் பிறந்த மாதத்தையும் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்கக் கூடாதா?

இரண்டாவது, மைதானத்தின் அளவு. இங்கிலாந்தில் 12 வயதுக்குட்பட்டவர்கள் வரை பக்கத்துக்கு ஒன்பது பேர் ஆட்டம்தான், அதற்கும் கீழே ஏழு பேர், ஐந்து பேர். மைதானமும் கோலும் சிறியது, பந்தும் சிறியது. ஆட்கள் குறைந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அதிக முறை கிடைக்கும், முடிவெடுக்க வேண்டிய சந்தர்ப்பமும் அதிகம் வரும். 11 வயதுப் பிள்ளைகளை முழு மைதானத்தில் விட்டால் வேகமாக ஓடுகிறவனும் நீளமாக உதைக்கிறவனும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிவார்கள். அந்த கோல்போஸ்ட்டில் நின்ற பிள்ளையை நினைத்தால் இது எனக்கு நன்றாகவே புரிகிறது.

மூன்றாவது நான் செய்த தவறு. அந்த அகாடமியின் பயிற்சியை ஒருநாள்கூட முன்கூட்டிப் போய்ப் பார்க்காமலே பணம் கட்டினேன். கோப்பைகளின் போட்டோவைப் பார்த்தேன், பெரிய லைட் போட்ட மைதானத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரர் கரைக்கு வந்தபோது கேட்டார்: "படகு வாங்கப் போனா பெயிண்டைப் பார்ப்போமா, இன்ஜினை ஓட விட்டுக் கேட்போமா?" எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். செலக்ஷன் நாளில் எல்லாரும் நன்றாகத்தான் பேசுவார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல் போய், பயிற்சி தொடங்கியதிலிருந்து முடியும் வரை ஒரு ஓரமாக நின்று பாருங்கள். நன்றாக ஆடுகிறவனைப் பார்க்க வேண்டாம். இருப்பதிலேயே சுமாராக ஆடுகிற பிள்ளை எவன் என்று பாருங்கள். அவன் பந்தைத் தவறவிட்டால் கோச் என்ன செய்கிறார்? அவனுக்கு எத்தனை தடவை பந்து வருகிறது? வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு, ஆடும் நேரம் எவ்வளவு?

நான் அந்த வேலையை முதன்முதலில் எங்கள் ஊர் கிளப்பிலேயே செய்தேன். ஆறு வருடம் மகனை அனுப்பிய இடம், ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. வெயில் தாழ்ந்த நேரம். அங்கே புல் கிடையாது, கோலுக்கு வலை கிடையாது, சின்ன ஆட்டத்துக்கு நான்கு செருப்பு வைத்து இரண்டு கோல். பக்கத்துக்கு ஐந்து பேர். ஒரு பிள்ளை பந்தை வாங்கியதும் எதிரே வந்தவனிடம் பறிகொடுத்தான். கோச் விசில் அடித்தார். எல்லாரும் அப்படியே நின்றார்கள். அவர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "மக்களே, பந்து வருமுன்னே நீ எங்க பாத்த?" என்று கேட்டார். பையன் கொஞ்சம் யோசித்து, "பந்தைத்தான் பாத்தேன்" என்றான். "சரி, இப்ப தோளுக்குப் பின்னால ஒருக்கா பாத்துட்டு வாங்கு." மறுபடியும் அதே பந்து, அதே இடம். இந்த முறை அவன் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வாங்கினான், ஆள் வரும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் பந்தைத் திருப்பிக்கொண்டு போனான். கோச் ஒன்றும் சொல்லவில்லை, விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நடந்து போனார். அந்தப் பிள்ளையின் அப்பா ஒக்கி புயலில் கடலோடு போனவர். 2017 நவம்பர் 30-க்குப் பிறகு எங்கள் கரையில் அப்படி எத்தனையோ பிள்ளைகள். அவர்களில் பலரை சாயங்காலமானால் வீட்டுக்கே போய்க் கூட்டி வந்து மைதானத்தில் இறக்கியவர் இந்த மனிதர். ஏழு மாதம், மாதா மாதம் 2500 ரூபாய் கட்டி நான் தேடிப் போனது இவ்வளவு நாளும் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் நடந்துகொண்டிருந்தது.

அதற்காக அகாடமி எல்லாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 14, 15 வயதில் பிள்ளைக்கு மேலே போக வேண்டிய தேவை வரும். நல்ல இடங்களும் இருக்கின்றன. அருவிக்கரைப் பக்கம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி கேரள அரசு நடத்துவது. நம் பக்கம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் உண்டு, தங்குவதும் சாப்பாடும் இலவசம். எங்கே சேர்த்தாலும் கோச்சிடம் என்ன லைசென்ஸ் இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். டி லைசென்ஸ், அதற்கு மேல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் (ஏஎஃப்சி) சி, பி, ஏ என்று படிப்படியாக இருக்கிறது. மொத்தச் செலவு ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். வெளியூர் போனால் பிள்ளைகளோடு யார் தங்குகிறார்கள், எந்த அறையில், பெற்றோர் ஒருவர் கூட வரலாமா என்பதையும் கேளுங்கள். இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

இனி காகித விஷயம். என் வேலையே அதுதான் என்பதால் இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

அகாடமியில் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் கணினிப் பதிவு, சிஆர்எஸ் என்பார்கள். சேருவதற்கான படிவம் என்று நினைத்து நானும் போட்டேன். தினமும் பத்துப் பேருக்குப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்கிறவள், என் பிள்ளைக்கு வந்தபோது படிக்கவில்லை. ஒரு கிளப்பில் பதிவானால், முறையான போட்டிகளில் இன்னொரு கிளப்புக்கு ஆட அந்தப் பதிவை மாற்ற வேண்டும். மகனை நிறுத்திவிடுகிறேன் என்று சொன்ன பிறகு அந்த மாற்றத்துக்குச் சம்மதம் வாங்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. போன் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் அடுத்த வாரம் என்பார்கள், நேரில் போனால் பொறுப்பானவர் இல்லை என்பார்கள். கடைசியில் பாக்கி என்று இரண்டு மாதக் கட்டணத்தையும் கட்டித்தான் முடித்தேன். அதற்குள் ஊர் கிளப் ஆடிய ஒரு போட்டியில் அவன் வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தான். ஒரு 12 வயதுப் பிள்ளையை இப்படிப் பிடித்து வைப்பதில் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லையோர ஊர்க்காரர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. என் மகன் பிறந்தது நெய்யாற்றின்கரையில். எங்கள் பக்கத்தில் நிறையப் பிரசவம் அங்கேயும் திருவனந்தபுரத்திலும்தான் நடக்கிறது. பிறப்புச் சான்றிதழ் கேரளத்தில், ஆதாரும் பள்ளிக்கூடமும் தமிழ்நாட்டில். சான்றிதழில் அப்பா பெயர் பின்னால் முழுசாக இருக்கும், ஆதாரில் இனிஷியலாக முன்னால் இருக்கும். ஆங்கில எழுத்தில் ஓரெழுத்து கூடும், குறையும். செலக்ஷனுக்கு முந்தின நாள் ராத்திரி என் மையத்துக்கு ஓடி வந்து, "அக்கா, இதை எப்படியாவது சரி பண்ணித் தாங்க" என்று கேட்பவர்களை வருடா வருடம் பார்க்கிறேன். பிறப்புச் சான்றிதழைத் திருத்துவது பிறந்த ஊரின் உள்ளாட்சியில்தான் முடியும். நெய்யாற்றின்கரைச் சான்றிதழை எங்கள் பக்கத்து அலுவலகம் எதிலும் திருத்த முடியாது. பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். சிலர் வயதைக் குறைத்துக் காட்டலாமா என்று கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வளர்ச்சியை வைத்து வயது பார்க்கும் முறை இருக்கிறது. பெற்றோர் செய்த தப்புக்கு எல்லார் முன்னாலும் தலைகுனிவது அந்தப் பிள்ளைதான்.

எந்த மாநிலத்தில் பதிவு செய்கிறோம் என்பதும் யோசிக்க வேண்டியது. பள்ளிப் போட்டிகளில் பள்ளி எந்த மாநிலமோ அந்த மாநிலத்துக்குத்தான் ஆட முடியும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நாளை சான்றிதழ்களை அடுக்கி வைக்கும்போது அதில் எந்த மாநிலத்தின் பெயர் இருக்கிறது என்ற கேள்வி வரும். எங்கள் தாத்தாமார் காலத்தில், 1956 நவம்பர் 1-க்கு முன்னால், இதெல்லாம் ஒரே மாநிலமாக இருந்தது. இப்போது மைதானம் அரை மணி நேரத் தொலைவில் இருந்தாலும் அது இன்னொரு மாநிலம்.

ஊர் கிளப் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்களும் பிள்ளைகளை முறையாகப் பதிவு செய்யுங்கள். ஒரு வீரரை இன்னொரு நாட்டு கிளப் பணம் கொடுத்து வாங்கும்போது, அந்தத் தொகையில் 5 சதவீதம் அவரை 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்காகப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அவ்வளவு தூரம் போவார்கள் என்று கேட்கலாம். போகும் ஒருவனுக்காவது, அவனை வளர்த்தது இந்த மணல்தான் என்று எங்காவது எழுத்தில் இருக்க வேண்டாமா?

கடைசியாக உங்கள் நாளிதழிடம் ஒரு கோரிக்கை. விளையாட்டு விடுதி செலக்ஷன், 14 வயதுக்குட்பட்ட பள்ளி அணி செலக்ஷன் இவற்றின் தேதிகள் எங்கள் கரையோரப் பள்ளிகளுக்கு முந்தின நாள்தான் தெரிய வருகிறது. சில வருடம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. நாகர்கோவில் அண்ணா ஸ்டேடியத்தில் காலை ஏழு மணிக்கு நிற்க வேண்டுமென்றால் நீரோடியில் நான்கரை மணிக்கே கிளம்ப வேண்டும். தேதி, இடம், பிறந்த ஆண்டு, கொண்டுவர வேண்டிய சான்றிதழ்கள், இவ்வளவையும் இரண்டு வாரம் முன்னதாக மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போட்டால் போதும். எங்கள் மையத்தின் சுவரில் வெட்டி ஒட்டிவைப்பது என் பொறுப்பு.

மகன் இப்போது ஊர் கிளப்பில்தான் ஆடுகிறான். இந்த வருட விளையாட்டு விடுதி செலக்ஷனுக்கு அவனே விண்ணப்பிக்கக் கேட்டான். சான்றிதழ்களை எடுத்து வைத்திருக்கிறேன். தேதிக்காகத்தான் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கால்பந்து ஆடும் ஒரு பையனின் தாய்,
வள்ளவிளை, கன்னியாகுமரி மாவட்டம்.